பாபகியூ அடுப்புக்குச் சட்டை தைத்தவர்

சட்டை மாமா, உங்களைப் போல ஒரு மனிதரை ஊவா மாகாணம் முழுக்கத் தேடினாலும் பிடிக்க முடியாது. கேஸ் சிலிண்டருக்குச் சட்டை, தண்ணீர் மோட்டாருக்குச் சட்டை, மூலையில் நின்ற மண்வெட்டிக்குக்கூட ஒரு குல்லா. பங்களா நாய் உங்கள் கையில் ஊசியைப் பார்த்தாலே ஓடிவிடும்.

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு சுற்றுலா பங்களாவில் எங்கள் இருவருக்கும் வேலை. நான் அறைகளைக் கூட்டுவேன், மாமா சமையல். அவருக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த அறைதான் வீடு. வேலை போனால் அறையும் போகும்.

வெள்ளைக்காரர்கள் இறைச்சி சுட்டுச் சாப்பிட, தோட்டத்தில் செங்கல் கட்டி மூடி போட்ட ஓர் இரும்பு பாபகியூ அடுப்பைப் பதித்தார்கள். எங்கள் ஊர் மூடுபனியில் அது சீக்கிரமே துருப்பிடித்தது. கொழும்பிலிருந்து வாங்கிய உறையைக் காற்று தூக்கிக்கொண்டு போய்த் தேயிலை மேல் போட்டது.

"புதுசா ஒண்ணு பதிச்சுத் தாரேன். அதுவும் துருப்பிடிச்சா நீங்க பொட்டியக் கட்டுங்க" என்று அடுப்புக்குப் பொறுப்பான மாமாவிடம் சொன்னார் மேனேஜர்.

மாமா அளவு நாடாவோடு புது அடுப்பின் முன்னால் போய் நின்றார்.

"ஏன் மாமா ரெண்டு தரம் அளக்குறீங்க?"

"மூடியத் தொறந்தா நெஞ்சு விரியுதுல்ல? சும்மா இரு பிள்ள."

கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்கு இடுப்பில் கட்டும் படங்குகள் நான்கை ஒட்டித் தைத்தார். பதினாறு பட்டன். விருந்தாளிகள் பசியோடு நிற்க, ஒவ்வொன்றாகக் கழற்றுவார். உதவிக்கு வந்த ஒரு வெள்ளைக்காரரிடம், "கை வைக்காதீங்க தொர, கூச்சப்படும்" என்றார். ஒன்றும் புரியாமலே அவர் மன்னிப்புக் கேட்டார்.

பிறகு ஆயுத பூசை வந்தது. மாமா அடுப்பைக் கழுவி, விபூதியைக் குழைத்து மூன்று பட்டை போட்டு, ஈரம் காயும் முன்பே பதினாறு பட்டனையும் பூட்டினார். பூசை போட்ட சாமானை மூன்று நாள் தொடக்கூடாதாம். நான்காம் நாள் மேனேஜர் முன்னால் திறந்தால், அதே இடத்தில் அழகாக மூன்று பட்டை துரு!

"என்னய்யா இது?"

"சாமி ஏத்துக்கிட்டாருங்க."

மேனேஜர் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம திரும்ப வருவேன். துரு இருந்துச்சுன்னா ரூம் சாவியக் குடுத்துருங்க."

மாமா அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் எங்க பிள்ள போவேன்?" என்று கேட்டார். நான் சும்மா உறையை எடுத்து மடித்தேன். உள்பக்கம் நனைந்திருந்தது.

"மாமா, இதுக்கு வேர்த்திருக்கு."

தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி, மூச்சு விட வழியில்லாமத் தைச்சுப்புட்டேனே!"

துருவைத் தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்து எடுத்தோம். அடுப்பு நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் பூசினோம். உறையின் இரண்டு பக்கமும் ஓட்டை வெட்டி, மழை இறங்காமல் மேலே சின்ன மடிப்பு வைத்துத் தைத்தார். வெள்ளிக்கிழமை பிடித்த மழை ஞாயிறுவரை விடவில்லை.

மேனேஜர் வந்து தானே பட்டனைக் கழற்றினார். ஒன்பதாவதில் மாட்டிக்கொண்டார், மாமாதான் மீட்டார். முகம் துடைக்கும் வெள்ளை லேஞ்சியைப் பையிலிருந்து எடுத்து, மேனேஜர் இரும்பைத் தேய்த்துப் பார்த்தார். லேஞ்சி வெள்ளையாகவே இருந்தது.

"சரி, இருங்க" என்றார்.

மாமா குசினிக்குள் ஓடினார். கண் சிவந்து வெளியே வந்து, "வெங்காயம் வெட்டினேன்" என்றார். அன்றைக்குச் சமைத்தது பாயாசம்.

போன மாதம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அறையில் படுத்தவர், எழும்பவில்லை. அவரை யாரும் வெளியே அனுப்பவில்லை, தானாகத்தான் போனார். அவர் எனக்கு ரத்தச் சொந்தம்கூட இல்லை. ஆனாலும் நான்கு மணிக்கு இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிவிட்டு நிற்கிறேன். இதை வாசிக்கும் எல்லோரும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், எங்கள் சட்டை மாமாவுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.