மாமியார் கடிக்கும் காட்சி

"கட்! கட்! கட்டுன்னு சொல்றேன்ல!"

இயக்குநர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றித் தரையில் ஓங்கி அடித்தார். அடித்த வேகத்தில் அது சறுக்கிக்கொண்டு போய் சோபாவுக்கு அடியில் புகுந்துகொண்டது. போட்டிருந்த தொப்பிக்குக்கூடத் தன்னிடம் மரியாதை இல்லை என்று அவருக்கு இன்னும் ஆத்திரம் பொங்கியது.

சோபாவில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய அம்மா. எதிரில் மைக்கோடு நின்றவள் அவருடைய மனைவி. படத்தில் அம்மா, ஊரே ஜாம்பியாகிவிட்ட பிறகு உயிர் தப்பிய ஒரே பெண்மணி. மனைவி, பேட்டி எடுக்க வந்த நிருபர். முழுக்க முழுக்கப் பொய்ப்படம். ஆனால் பார்க்கிறவனுக்கு, நிஜமாக நடந்ததை யாரோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்த மாதிரி இருக்க வேண்டும். அதனால் எழுதி வைத்த வசனம் கிடையாது. அவரவர் வாய்க்கு வந்ததைப் பேச வேண்டும்.

வாய்க்கு வந்ததுதான் வில்லங்கமாகப் போயிற்று.

"இந்தக் கொடுமை எப்பம்மா ஆரம்பிச்சுது?" என்று நிருபர் கேட்டாள்.

"நீ எப்ப இந்த வீட்டுல காலெடுத்து வச்சியோ, அப்பவே ஆரம்பிச்சுது" என்றார் உயிர் தப்பியவர்.

அங்கேதான் தொப்பி பறந்தது.

"அம்மா! ஜாம்பியைப் பத்திச் சொல்லும்மா! நடைப்பிணம்மா, நடைப்பிணம்!"

"எனக்கா தெரியாது நடைப்பிணம்? கல்யாணமான நாள்லேர்ந்து நீ வேற எப்படிடா நடமாடுற?"

"அப்படியே கடிச்சது யாருன்னும் கேமராவைப் பார்த்துச் சொல்லிடுங்க அத்தை" என்றாள் மனைவி.

இயக்குநருக்குத் தலை சுற்றியது. இத்தனை வருஷத்தில் இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. சேர்ந்து உட்கார்ந்தால் அவரைப் பற்றித்தான் குறை பேசுவார்கள். அந்த விஷயத்தில் அப்படியொரு ஒற்றுமை. அதுவும் போயும் போயும் இன்றைக்கா உடைய வேண்டும்?

ஏனென்றால் இன்றைக்கு மாமா வருகிறார். அம்மாவின் தம்பி, குளியலறை டைல்ஸ் கடை முதலாளி. படத்துக்குப் பணம் போட்டவர். நேரில் வந்து பார்ப்பார். பிடித்தால் படம் முடியும். பிடிக்காவிட்டால் நாளைக் காலையில் மருமகன் கடைக்கு வந்து கல்லாவில் உட்கார வேண்டும், சினிமா என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. இதுதான் ஒப்பந்தம். அந்தக் கல்லாவில் இயக்குநர் முன்பு கொஞ்ச காலம் குப்பை கொட்டியவர்தான். நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டும்.

"சரி. அம்மா ஜாம்பி. ஜாம்பி பேசாது. உறுமும், அவ்வளவுதான்!"

தெருமுனையில் அழகு நிலையம் வைத்திருக்கும் அக்காதான் படத்துக்கு மேக்கப். மூஞ்சியை வெளுப்பாக்கியே பழகிய கை, சாம்பல் பூசிய பிறகும் சும்மா இருக்காமல் ஜாம்பிக்குப் புருவத்தைத் திருத்திவிட்டிருந்தது. இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

காட்சி சுலபமானது. சோபாவில் நடுங்கிக்கொண்டிருக்கும் மூன்று பக்கத்து வீட்டுக்காரர்களை ஜாம்பி கடிக்க வேண்டும். ஜாம்பி சமையலறையிலிருந்து காலை இழுத்துக்கொண்டு வந்தது. மூன்று பேரையும் சட்டை செய்யாமல் தாண்டியது. ஓரமாக நின்ற நிருபரின் கையைப் பிடித்து ஒரே கடி.

"ஐயோ! நிஜமாவே கடிக்கிறாங்க!"

"உன்னை யாரும்மா அவளைக் கடிக்கச் சொன்னது?"

"ஜாம்பிக்குச் சொந்தபந்தம் தெரியாதுன்னு நீதானேடா சொன்ன?"

"நடிக்கத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு! என் படத்தைக் கெடுக்காதே!"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று ஜாம்பி முணுமுணுத்தது.

கேமராவைப் பார்த்தால் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கேமராக்காரர் கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பவர். காலையிலிருந்து ஒவ்வொரு ஜாம்பியிடமும், "கொஞ்சம் இந்தப் பக்கம் பார்த்துச் சிரிங்க" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"கட்டுன்னா நிறுத்த மாட்டீரா?"

"கல்யாண வீட்டுல சண்டை வந்தாலும் நாங்க நிறுத்தறதில்ல சார்."

இயக்குநர் அடுத்த வழியைக் கண்டுபிடித்தார். ஜாம்பி ஜாம்பியைக் கடிக்காது. அது அவரே போட்ட சட்டம். ஆகவே மனைவியையும் ஜாம்பியாக்கினார். நிருபரைக் கடித்தாயிற்று, நிருபரும் மாறிவிட்டாள், கதைக்கும் பொருத்தம்.

இரண்டு ஜாம்பிகளும் எதிரெதிரே நின்றன.

"உர்ர்ர்" என்றது மாமியார் ஜாம்பி.

"உர்ர்ர்ர்ர்!" என்றது மருமகள் ஜாம்பி.

சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அடுப்பில் தீய்ந்த பால் முதல், பூட்டாமல் விட்ட பீரோ வரை எல்லாம் அதில் இருந்தது. பயந்து நடுங்க வேண்டிய பக்கத்து வீட்டுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இனிப் பேட்டி எடுக்க ஆளில்லை. இயக்குநர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு தானே நடுவில் போய் நின்றார். நின்றதும் அடக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கெல்லாம் விளையாட்டா இருக்கா? நாளைக்கு அந்தக் கல்லாவுல போய் உட்காரப் போறது யாரு, நீங்களா? வெள்ளை டைல்ஸா நீல டைல்ஸான்னு கேட்டுக் கேட்டு என் வாழ்க்கையே வழுக்கிப் போச்சு! அங்க உட்கார்ந்தா நான்தான் பிணம்! இந்த ஒரு படம்... ஒரே ஒரு படம்தான் கேட்டேன்! பெத்தவளும் கட்டினவளும் சேர்ந்து அதுக்குக் கொள்ளி வைக்கிறீங்களே!"

குரல் உடைந்துவிட்டது. கண்ணிலும் தண்ணீர். அதைத் துடைக்கக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. இரண்டு ஜாம்பிகளும் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தன. காலை இழுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாக வந்தன.

"என்ன? கிட்ட வராதீங்க. அம்மா, சொல்றேன்ல! ஏய், நீயுமா?"

அவர் சோபாவைச் சுற்றி ஓடினார். கேமராக்காரர் அவரைத் துரத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பை விட்டுவிட்டு நிஜமாகவே அலறினார்கள். வலது தோளில் அம்மாவும் இடது தோளில் மனைவியும் பல்லைப் பதிக்க, இயக்குநர் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மைக் உருண்டது. அவரும் உருண்டார்.

தரையில் கிடந்தபடி நிமிர்ந்து பார்த்தால், வாசலில் மாமா. எப்போது வந்து நின்றாரோ!

தொலைந்தது என்று இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார்.

"யப்பா!" என்றார் மாமா, நெஞ்சைத் தடவிக்கொண்டு. "ஆரம்பத்துல சிரிச்சேன்டா. அப்புறம் அழுதேன். கடைசியில பயந்தே போயிட்டேன். எனக்குத் தெரிஞ்ச வீட்டுல, தெரிஞ்ச ஆளுங்களைப் பார்த்து! முடிச்சிடு மருமகனே, படத்தை முடிச்சிடு. கடைக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்."

இயக்குநர் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டார். சோபாவுக்கு அடியில் குனிந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு நொடியில் ஆளே மாறிவிட்டார்.

"ஆமா, நம்ம வீட்டுப் பொம்பளைங்களை எப்படிடா இப்படி நடிக்க வச்ச?" என்று மாமா கேட்டார்.

"நடிப்பா? இவங்களுக்கா?" இயக்குநர் சிரித்தார். மூலையில் அம்மாவும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு பேருக்கும் நடிப்புன்னா என்னன்னே தெரியாது மாமா. வேணும்னே சீண்டிவிட்டேன். மூட்டிவிட்டுட்டு கேமராவை ஓடவிட்டேன். எல்லாம் என் கணக்குப்படி நடந்தது. அதுக்குப் பேருதான் இயக்கம்."

பஞ்சையும் சாம்பல் டப்பாவையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த மேக்கப் அக்கா நிமிர்ந்தார்.

"என்ன சார் இப்படிச் சொல்லிட்டீங்க? ஒரு வாரமா என் பார்லர்லதான் ரெண்டு பேரும் ஒத்திகை பார்த்தாங்க. உங்க வேஷத்துல நின்னு கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு."