இருட்டாழத்து வாக்காளர்கள்

கடலுக்கடியில் ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட களவா மீன் மன்னர் வெயில் எட்டும் ஆழம் வரைதான் நகர்வலம் போவார். அதற்கும் கீழே இருட்டாழம் என்றொரு மாகாணம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். அங்கிருந்து யாரும் வந்து கும்பிட்டதில்லை என்பதால் அக்கறை காட்டவில்லை.

ஒருநாள் மன்னரின் மைத்துனர் வேளா மீன் தன் ரம்ப மூக்கால் கடல்தரையைத் துளைத்தார். கறுப்பு எண்ணெய் பீறிட்டு, மெல்லச் சரிந்து, இருட்டாழத்தில் போய்ப் படிந்தது. "வளர்ச்சிப் பணியில் சிறு கசிவு" என்று அரண்மனை அறிவித்தது.

சில நாளில் சிவத்தி என்ற நண்டு மூச்சிரைக்க அரசவைக்கு ஏறி வந்தாள். இருட்டாழத்தில் ஒரு பவளத்தின் கிளையில் குடியிருப்பவள் அவள்.

"ஐயா, எங்க பவளத்து மேல கறுப்பா அப்பிக்கிடக்கு. பாதி உசுருதான் மிச்சம். துப்புரவு மீனுங்கள அனுப்புனீங்கன்னா பொழச்சிக்கும்."

அமைச்சர் திருக்கை செட்டையை உதறிக்கொண்டார். "பாதிக்கப்பட்டவர் நேரில் ஆஜராக வேண்டும்."

"பவளம் எப்படிங்க நடந்து வரும்?"

"வராதவர் இல்லாதவர்," என்றார் அமைச்சர். அன்று மாலையே அது அரசாணை ஆயிற்று.

ஆய்வாளர் கணவாய் மீனுக்குக் கோபம் தலைக்கேறியது. இருட்டாழத்துப் பவளம் கண்ட இடத்தில் வளராது. கெட்டியான பாறை வேண்டும், குளிர்ந்த நீர் வேண்டும், இரை கொண்டுவரும் நீரோட்டம் வேண்டும். இவையெல்லாம் கூடிய இடங்களைக் கணக்கிட்டு, தன் மையாலேயே வரைபடம் போட்டார். எண்ணெய் படிந்த பகுதியை அதன்மேல் பொருத்தினார். எங்கெங்கே பவளங்கள் சிக்கித் தவிக்கின்றன என்பது பளிச்சென்று தெரிந்தது.

"இது வெறும் யூகம்," என்றார் அமைச்சர். "இதை நம்பித் துப்புரவுப் படையை அனுப்ப அரசு என்ன ஜோசியக்காரனா?" வரைபடம் பறிமுதலானது. இருட்டாழத்தைப் பற்றி யூகிப்பதும் குற்றமாயிற்று.

அடுத்து தேர்தல் வந்தது. மேல்நீர் மீன்கள் மன்னர்மேல் கடுப்பில் இருந்தன. எண்ணிப் பார்த்தால் மன்னர் தோற்றிருந்தார். அமைச்சர் பதறவில்லை. பறிமுதல் செய்த வரைபடத்தை விரித்தார்.

"பவளம் இருக்க வாய்ப்புள்ள இடமெல்லாம் வாக்காளர் உள்ள இடம். பவளமோ பாறையை விட்டு நகராத குடிமகன். அவர் ஆட்சியை மட்டும் மாற்றுவாரா?"

இருட்டாழத்து வாக்குகள் அத்தனையும் மன்னருக்கே விழுந்ததாக எழுதப்பட்டது. மன்னர் அமோக வெற்றி பெற்றார்.

மறுநாளே கணவாயும் சிவத்தியும் அரசவைக்கு விரைந்தார்கள். இந்தமுறை அமைச்சர் வசமாக மாட்டிக்கொண்டார் என்பதில் கணவாய்க்குச் சந்தேகமே இல்லை.

"ஓட்டுப் போடும்போது இருக்கிற பவளம், உதவி கேட்கும்போது மட்டும் இல்லாமப் போயிடுமா? இருக்குன்னு ஒத்துக்குங்க. இல்லன்னா மன்னரை இறங்கச் சொல்லுங்க!" என்றார் கணவாய்.

"இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்," என்றார் அமைச்சர்.

சிவத்தி சந்தோஷத்தில் துப்புரவு மீன்களை அழைக்கத் திரும்பினாள்.

"எண்ணெய் கசிந்தது தேர்தலுக்கு முன்பு," அமைச்சர் நிதானமாகத் தொடர்ந்தார். "பவளங்கள் வாக்களித்தது அதற்குப் பின்பு. எண்ணெயால் ஒரு பவளமும் சாகவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?"

"அய்யா, அதுங்க செத்துக்கிட்டு இருக்குய்யா!" என்று கத்தினாள் சிவத்தி.

"நலமாக இருப்பவர்களைப் பற்றி வதந்தி பரப்பாதே, அம்மா."

சிவத்தி இறங்கிப் போனபோது அவள் குடியிருந்த கிளை உதிர்ந்து கிடந்தது. அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். துக்கம் தாங்காமல் அழுதாள்.

இருட்டாழத்தில் இன்று ஒரு பவளம்கூட உயிரோடு இல்லை. தேர்தலுக்குத் தேர்தல், நூற்றுக்கு நூறு வாக்குப்பதிவு நடக்கும் ஒரே மாகாணம் அதுதான்.