காலைக் காட்சியோடு உன் படத்தை எடுத்துவிட்டது குறித்து

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் சுகம். தியேட்டர் கூரையும் இதுவரை சுகம். அங்கே நீயும் உன் கேமராவும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் படத்தை எந்தத் தியேட்டரும் தொடமாட்டேன் என்றபோது, நம் திரையில் போடுகிறேன் என்று மார்தட்டியவன் நான்தான். அதே வாயால் இப்போது வருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. வந்தவர்களில் பாதிப் பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள், மீதிப் பேர் போஸ்டரில் தலையணையைப் பார்த்து வேறு மாதிரிப் படம் என்று நம்பியவர்கள். படுத்த படுக்கையான மாமியாருக்கு மருமகள் பீத்துணி மாற்றும்போதே முன்வரிசை காலி. அப்புறம் அவள் தலையணையை எடுத்துக்கொண்டு கிழவியின் முகத்தையே பார்த்து உட்கார்ந்தாளே, அசையாமல், வசனமில்லாமல், அப்போது படம் நின்றுவிட்டதென்று ஆபரேட்டர் பதறி எதையோ தட்ட, சத்தம் போய்விட்டது. அந்தக் காட்சியில் சத்தமே இல்லாததால் அதுவும் யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் மயங்கிச் சரிந்தார். இடைவேளையில் ஒருவரும் வாயில் ஒன்றும் வைக்கவில்லை, நாளையும் இதே படமென்றால் கடையைக் காலி செய்கிறேன் என்றார் கேன்டீன்காரர். நான் கெஞ்சி அழைத்துவந்த விநியோகஸ்தர் வெளியே வந்து வெகுநேரம் செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது. "நல்ல படம் சார். அதான் வாங்க முடியல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பயந்துபோய், மீதியை ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் போன பிறகும் உன் சித்தி கடைசி வரிசையை விட்டு எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். படத்தைத் திருப்பி அனுப்புகிறேன், மன்னித்துவிடு. அடுத்தமுறை யாராவது சிரிக்கிற மாதிரி எடு, கட்-அவுட்டே வைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி, நீடூழி வாழ வாழ்த்தும்,
சித்தப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் சித்தி இதை வாங்கிப் படித்தாள். "உங்க அம்மா படுத்துக் கிடந்தப்ப, ஒரு நாள் மத்தியானம் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்க வந்து டீ கேட்டீங்க. எழுந்து போய்ப் போட்டுக் குடுத்தேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "எனக்கு மட்டும்தான் அப்படித் தோணுச்சுன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். படத்தை அனுப்பவில்லை. நாளைக் காலை முழுதாக ஓட்டுகிறேன். வேறு யாரும் வராவிட்டால், நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.