வடசேரிச் சந்தைக்குப் புலி போன கதை

துப்பாக்கிச் சட்டம் வந்தால் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குத்தான் கஷ்டம் என்று நினைக்கிறீர்களா? அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. துப்பாக்கியைப் போலீஸ் கச்சேரியில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிடுவான். அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டுப் பிழைத்தவர்கள்தான் நடுத்தெருவில் நிற்பார்கள். நான் நின்றேன். சும்மா நிற்கவில்லை, ஒரு புலியையும் கூட்டிக்கொண்டு நின்றேன்.

பூதப்பாண்டிக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் எங்கள் வீடு. வேட்டைக்கு வருகிறவர்களுக்குக் கூடாரம், மாட்டுவண்டி, தப்படித்து மிருகங்களை விரட்டிக் காடு கலைக்கிற ஆட்கள் எல்லாம் ஏற்பாடு செய்து கொடுப்பது என் வீட்டுக்காரர் ஞானமுத்துவின் தொழில். சமையல் என் பொறுப்பு. அவரும் துப்பாக்கியைக் கையில் பிடித்தவர் இல்லை. (வெடிச்சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். இதை வெளியே சொல்லிவிடாதீர்கள்.)

அந்த வருஷம் திருவிதாங்கூர் சர்க்கார் லைசென்சு விதிகளை இறுக்கிப் பிடித்தது. உள்ளூர்த் துப்பாக்கிகள் எல்லாம் புதுப் பதிவுக்காகக் கச்சேரிக்குப் போய்விட்டன. எங்களுக்கு வருகிற விருந்தாளிகளில் பாதிக்கு மேல் எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். அவர்களும் நம் சர்க்காரின் அனுமதி இல்லாமல் ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையைத் துப்பாக்கியோடு தாண்ட முடியாது என்றாகிவிட்டது. அவர்கள் ஏன் தாண்டப் போகிறார்கள்? அந்தப் பக்கமே பாபநாசம் மலை இருக்கிறதே! அங்கே போய்விட்டார்கள்.

எங்கள் ஊர் படுத்துவிட்டது. வண்டிக்காரர் தாசையனின் மாடுகள் தின்று தின்று கொழுத்தன. காடு கலைக்கிறவர்கள் தப்படிக்க வேட்டை இல்லாமல் கூலிவேலை தேடிப் போனார்கள். வெடிமருந்தும் தோட்டாவும் விற்ற கடைக்காரர் பட்டாணிக்கடலை விற்றார். சந்தோஷமாக இருந்தவை காட்டுப்பன்றிகள் மட்டும்தான். மரச்சீனிக் கிழங்குத் தோட்டங்களில் கல்யாணப் பந்தி மாதிரி வரிசையாக உட்கார்ந்து தின்றன.

அப்போதுதான் சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்து இறங்கினார். பாளையங்கோட்டையில் பெரிய ஜவுளிக்கடை. புலி அடித்துக்கொண்டுதான் திரும்புவேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்த மனிதர். துப்பாக்கியைச் சவுக்கையில் பிடித்து வைத்துக்கொண்டு ஆளை மட்டும் அனுப்பியிருந்தார்கள்.

"என்ன வே ஞானமுத்து, ஒம்ம ஊர்ல புலிய என்ன கையால கிள்ளியா கொல்லணும்?" என்று வாசலிலேயே சத்தம் போட்டார். "நான் வெறுங்கையோட போனா என் சம்சாரமே சிரிப்பா! வண்டியத் திருப்பச் சொல்லும்."

என் வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவரும் திரும்பிப் போனால் எல்லைக்கு அப்பாலிருந்து இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. (மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள் அல்லவா! யோசனைகளுக்குப் பஞ்சமே கிடையாது. புத்திக்குத்தான்.)

எங்கள் வீட்டில் ஒரு புலி இருந்தது. மலைத்தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன, வைக்கோல் திணித்துப் பாடம் செய்த சிறுத்தைப் புலி. ஒரு காதை எலி தின்றிருந்தது. விழுந்துபோன கண்ணுக்குப் பதிலாகச் சோடாக்கோலி ஒன்றை நான் ஒட்டியிருந்தேன்.

"அண்ணாச்சி, போட்டோ எடுத்தா போதுமா?" என்று கேட்டேன்.

அண்ணாச்சியின் முகத்தில் சூரியன் உதித்ததை அன்றுதான் பார்த்தேன்.

வீடே பரபரத்தது! தாசையன் நாகர்கோவிலுக்கு வண்டியை விரட்டிப் போய் ஒரு போட்டோக்காரரைப் பெட்டியோடு அழைத்து வந்தார். துப்பாக்கிக்கு நான் எங்கள் சபையில் கேட்டேன். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜாவின் படைவீரர்கள் பிடிக்கிற மரத்துப்பாக்கி ஒன்று கிடைத்தது. (ஏரோது காலத்தில் ஏது துப்பாக்கி என்று கேட்காதீர்கள். எங்கள் சபையில் இருந்தது.) புலியைப் புதருக்குப் பக்கத்தில் சாய்த்துப் போட்டோம். அண்ணாச்சி அதன்மேல் ஒரு காலை வைத்து மீசையை முறுக்கினார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

"புலி சிரிக்க மாதிரி இருக்கே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அது செத்த சந்தோஷத்துல சிரிக்கு. நீங்க எடுங்கோ!" என்றேன்.

போட்டோ அபாரமாக வந்தது! அண்ணாச்சி அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். பார்த்தவர்கள் எங்கள் ஊருக்கு வழி கேட்டார்கள். அடுத்த ஆள் வரப்போகிறார் என்று நான் அரிசி ஊறப்போட்டிருந்த காலையில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார்.

"திருநெல்வேலிக்காரரு இஞ்ச புலியச் சுட்டாராமே? லைசென்சு இல்லாத துப்பாக்கி குடுத்தது நீருதானா? இன்ஸ்பெக்டர் கூப்பிடுகாரு."

"போட்டோ... வைக்கோலு... ஏரோது..." என்று என் வீட்டுக்காரர் உளறியதைக் கேட்ட போலீஸ்காரர், மனிதர் குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டி, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் விடுவேனா? சாட்சியைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தினால் தீர்ந்தது! தாசையனைக் கூப்பிட்டுப் புலியை வண்டியில் ஏற்றச் சொன்னேன். வண்டிக் குலுக்கலில் படுக்க வைத்தால் வால் ஒடியும் என்பதால் நிற்க வைத்துக் கட்டினோம். மேலே ஒரு படுக்கை விரிப்பு. மரத்துப்பாக்கி என் மடியில். வடசேரிச் சந்தையை ஒட்டியிருந்த கச்சேரிக்கு வண்டி புறப்பட்டது.

"யக்கா, விரிப்பு நிக்குமா? காத்து கெதியா அடிக்கு," என்றார் தாசையன்.

"பேசாம ஓட்டும். எல்லாம் நான் கெட்டியாத்தான் கட்டியிருக்கேன்."

வடசேரிச் சந்தைக்குள் நுழைந்ததும் விரிப்பு பறந்தது.

முதலில் பார்த்தது ஒரு வாழைக்குலைக்காரர். அவர் கத்தவில்லை. தலையிலிருந்த குலையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்தவர் கத்தினார். அதற்கப்புறம் சந்தையே கத்தியது! கூடைகள் உருண்டன, கத்தரிக்காய் காலில் மிதிபட்டது, ஒரு தடியான மனிதர் புளிச் சாக்குக்குள் தலையை மட்டும் ஒளித்துக்கொண்டார். இத்தனை நேரம் புலியைச் சுமந்து வந்தது தெரியாத மாடுகள் கூச்சலில் திரும்பிப் பார்த்தன. அவ்வளவுதான். வண்டி சந்தைக்கோடியில் இருந்த வைக்கோல் போரில் போய் முட்டியது. நான் ஒரு பக்கம், தாசையன் ஒரு பக்கம். கயிறு அறுந்த புலி மட்டும் வைக்கோல் போரின்மேல் நான்கு காலில் போய் நின்றது, சிரித்துக்கொண்டு!

தென்னந்தோப்புக்காரர் ஒருவர் அந்த நேரம் பார்த்தா அங்கே வரவேண்டும்! புது விதிப்படி லைசென்சு வாங்கி, மரநாய் சுடுகிற தன் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கச்சேரியிலிருந்து மீட்டுக்கொண்டு அப்போதுதான் வெளியே வந்திருக்கிறார்.

"எல்லாரும் மாறுங்கோ!" என்று குறி பார்த்தார்.

நான் எழுந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினேன். என் தொண்டையில் இருந்த அத்தனை பலத்தையும் சேர்த்துக் கத்தினேன்:

"சுடாதீங்கோ! அது எங்க வீட்டுப் புலியாக்கும்!"

சுட்டுவிட்டார். புலியின் வயிற்றிலிருந்து வைக்கோல் பீறிட்டு, என் தலையிலும் தோளிலும் சாவதானமாக வந்து இறங்கியது. வெடிச்சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, என் வீட்டுக்காரர்.

இன்ஸ்பெக்டர் புலியின் வயிற்றில் கைவிட்டார். வைக்கோல் வந்தது. மரத்துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். அடியில் எங்கள் சபைக்காரர் யாரோ 'ஏரோது வீரன்' என்று செதுக்கியிருந்தார்கள்.

"அப்ப ஆரும் புலியச் சுடல்லியா?" என்றார்.

"நான் சுட்டேனே!" என்று தென்னந்தோப்புக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "லைசென்சு இருக்கு, பாக்கியளா?"

"வைக்கோலச் சுடுகதுக்கு லைசென்சு வேண்டாம் வேய். வீட்டுக்குப் போவும்!"

அதற்குமேல் இன்ஸ்பெக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் வீட்டுக்காரரை அங்கேயே விட்டுவிட்டார். சந்தையில் சிந்திய கத்தரிக்காயையெல்லாம் நாங்கள்தான் குனிந்து பொறுக்கிக் கொடுத்தோம். நான் அவமானத்தில் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வீடு வந்தேன்.

மறுவாரம் எங்கள் வாசலில் வண்டிகள் நின்றன! சந்தையில் சுடப்பட்ட புலியைப் பார்க்க வேண்டுமாம், அதன்மேல் கால்வைத்துப் போட்டோ எடுக்க வேண்டுமாம். கூடாரம் மறுபடி விரிந்தது, காடு கலைக்கிறவர்கள் ஓடிவந்து புதருக்குள் நின்று தப்படித்தார்கள், நான் மறுபடி அண்டா ஏற்றினேன். அந்தத் தொழிலில்தான் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள்.

ஆனால் அன்று நான் கத்திய கத்தலைச் சந்தை மறக்கவில்லை, எங்கள் சொந்தக்காரர்களும் மறக்கவில்லை. இன்றைக்கும் என் வீட்டுக்காரர் எதற்காவது கோபம் வந்து குரலை உயர்த்தினால் வீட்டில் யாரும் பயப்படுவதில்லை. மூத்த மருமகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "சுடாதீங்கோ, அது எங்க வீட்டுப் புலியாக்கும்!" என்கிறாள். பாவம் மனிதர், உடனே காதைப் பொத்திக்கொள்கிறார்.