கருக்குவேல் கரடியின் தவிலும் அங்கமுத்துவின் முதுகும்

ஒரு காட்டில் ஒரு கரடி தவில் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. காடு என்றால் ரொம்பப் பெரிய காடு இல்லை. மேற்கே நடந்தால் செல்போனில் சிக்னல் வரும், கிழக்கே நடந்தால் போய்விடும், அவ்வளவுதான். கரடியின் பெயர் கருக்குவேல்.

தவில் அதன் பாட்டன் காலத்தது. பலாமரத்தில் குடைந்தது. வலப்பக்கம் எருமைத் தோல். இடப்பக்கம், அதைத் தொப்பி என்பார்கள், ஆட்டுத் தோல். எந்த ஆடு என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது. கருக்குவேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் தட்டும் அங்கமுத்து என்ற வெள்ளை ஆட்டின் கொள்ளுத்தாத்தா அது.

அங்கமுத்துவுக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. "எங்க குடும்பத்துல மேடை ஏறின முதல் ஆளு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளும். கச்சேரி தொடங்குமுன் தொப்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். தாத்தாவின் திதியன்று மட்டும் அந்தப் பக்கம் அடிக்கக்கூடாது என்று கரடியிடம் வாக்கு வாங்கியிருந்தது. அன்றைக்குக் கரடி வலப்பக்கத்தை மட்டும் வைத்து ஒப்பேற்றும். கேட்கிறவர்கள் புது மாதிரி வாசிப்பு என்று தலையை ஆட்டுவார்கள்.

இப்படியே போயிருக்க வேண்டியது. மழை வந்து கெடுத்தது.

ஐப்பசியில் மயில் வீட்டுக் கல்யாணம். விடிந்ததிலிருந்து அடைமழை. தவிலின் தோல் வார்கள் ஈரம் குடித்துத் தொய்ந்துவிட்டன. தாலி கட்டும் நேரத்தில் யாராவது தும்மினால் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் கொட்டுகிறோம்? புரோகிதக் கொக்கு விரலை ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றது. கருக்குவேல் ஓங்கி அடித்தது. தவில், "தொப்" என்றது. நனைந்த தலையணையை அடித்த மாதிரி. அந்த அமைதியில் மாப்பிள்ளையின் சித்தப்பா தும்மினார். சாதாரணத் தும்மலா அது! இழுத்து, நிறுத்தி, ஒரு முன்னுரையோடு வந்த தும்மல். பெண்ணின் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அணில் ஒன்று அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போட்டது. சாயங்காலத்துக்குள் காடு முழுக்க அந்தத் தும்மல் கேட்டது.

அதற்குப் பிறகு கரடியை ஒருவரும் கூப்பிடவில்லை. வந்திருந்த அட்வான்ஸ்களும் திரும்பிப் போயின.

"மழைக்குத் தோல் தொய்யத்தான் செய்யும்" என்றாள் மரங்கொத்தி கொண்டையம்மா. காட்டில் துளை போடும் வேலை எதுவானாலும் அவள்தான். "வாரைத் தூக்கி எறி. மரத்துல துளை போட்டு இரும்பு வளையம், போல்ட்டு நட்டுன்னு மாட்டிருவோம். ரெண்டு பக்கமும் ஃபைபர். ஸ்பேனரை வச்சு ஒரு திருகு, எந்த மழைக்கும் சுருதி நிக்கும்."

"பாட்டன் சொத்து, அக்கா. துளை போடணுமா?"

"உன் பாட்டன் மழையில வாசிச்சானா? வீட்டுக்குள்ளதானே படுத்துக் கிடந்தான். தூக்கிப் பிடி."

கொண்டையம்மா துளை போட்டாள். போல்ட்டு ஏறியது, ஃபைபர் ஏறியது. கழற்றிய ஆட்டுத் தோலை அங்கமுத்து மடியில் வாங்கிக்கொண்டது. ஆற்றுக்குக் கொண்டுபோய் முறைப்படி விட்டது. முழுக்குப் போட்டு எழுந்து, "தாத்தா இனிமே அடி வாங்க மாட்டாரு" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டது.

அடுத்து வந்த பன்றி வீட்டுக் கல்யாணத்தில் அந்தத் தவில் கொட்டிய கெட்டிமேளத்துக்குப் பந்தலில் கட்டியிருந்த காய்கள் உதிர்ந்தன. உறவு மொத்தமும் வரிசையாக நின்று தும்மியிருந்தாலும் கேட்டிருக்காது. அட்வான்ஸ்கள் மறுபடி வந்தன. கதை இங்கேயே முடிந்திருந்தால் கொண்டையம்மா சொன்னதைக் கேள் என்று நீதி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நரி வந்தது.

நரியின் பெயர் தாண்டவராயன். கழுத்தில் பூதக்கண்ணாடி, தோளில் சால்வை. சிங்க ராஜா வேட்டைக்குப் போவதை விட்டுச் சாப்பாட்டை ஆன்லைனில் வரவழைக்கத் தொடங்கியதிலிருந்து அவருக்குப் பொழுது போகாமல் பழைய பொருள் சேர்க்கிற ஆசை வந்திருந்தது. எது பழையது, எது போலி என்று சொல்லும் நிபுணர் தாண்டவராயன்.

"நீதானேப்பா அந்தப் பாட்டன் காலத்துத் தவில் வச்சிருக்கிறது?" என்று கேட்டு உள்ளே வந்த நரி, தவிலைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. "என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே! போல்ட்டா? ஃபைபரா? ஐயோ, துளை வேறயா!"

"மழைக்கு நல்லா இருக்குங்கய்யா."

"வாசிக்கிறதைப் பத்தி எவன் கேட்டான்? அதுக்குக் கடையில புதுசு விக்குது. ஒரிஜினல் கண்டிஷன்ல இருந்திருந்தா ராஜா இதுக்குத் தேன்பாறையையே எழுதிக் கொடுத்திருப்பார்."

கருக்குவேலுக்கு வாயில் தண்ணீர் ஊறியது. தேன்பாறை என்பது ஒரு முழுப் பாறை. மேலிருந்து கீழ்வரை தேன்கூடு. காவலுக்கு ராஜாவின் ஆள்.

"இப்ப என்ன கொடுப்பாரு?"

"இப்பவா? அடுப்புக்கு விறகு வேணும்னா கேப்பாரு."

கரடி அழுதுவிட்டது. நரிக்கு இரக்கம் வந்ததோ கமிஷன் ஞாபகம் வந்ததோ, "அழாதே. பழையபடி ஆக்கிட்டா பழைய விலை" என்றது. ஃபைபரைக் கழற்றச் சொல்லி, வெறும் மரக்கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தது. உளி வேலை பிரமாதம் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பிறகு வேறு மாதிரிக் குரல் வந்தது. தலை மாட்டிக்கொண்டது.

கரடி நரியின் பின்காலைப் பிடித்தது. ஆடு கரடியைப் பிடித்தது. இழுத்தார்கள். நரி காதைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்து, ஒன்றும் நடக்காததுபோல் சால்வையைச் சரிசெய்துகொண்டது. பூதக்கண்ணாடியை எடுத்து, வளையம் உட்காரும் விளிம்பில் சிக்கியிருந்த ஒற்றை வெள்ளை மயிரைப் பிடுங்கியது.

"பார்த்தியா? முதல்ல போட்ட தோல் எதுன்னு விளிம்புல இருக்கிற மயிர் சொல்லிரும். மனுசன் பொய் சொல்லுவான், மயிர் சொல்லாது. இது வெள்ளாடு. அந்தத் தோலையே திருப்பிப் போட்டா ஒரிஜினல்."

"அதை ஆத்துல விட்டாச்சுங்களே" என்றது அங்கமுத்து.

"அப்படின்னா அதே வம்சத்துத் தோல் போதும். சர்டிபிகேட்டுல ஒத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு நரி போய்விட்டது.

வலப்பக்கத்து எருமைத் தோலைப் பற்றி நரி மூச்சே விடவில்லை. எருமை பக்கத்துக் குட்டையில்தான் கிடந்தது. கொம்பும் இருந்தது.

கருக்குவேல் ஆட்டைப் பார்த்தது. ஆடு தன் முதுகைத் திரும்பிப் பார்த்தது.

அடுத்த நாளிலிருந்து வேலை மும்முரமாக நடந்தது. கொண்டையம்மா முணுமுணுத்துக்கொண்டே தான் போட்ட துளைகளை மரத்தூளும் பிசினும் வைத்து அடைத்தாள். வார்கள் திரும்பி வந்தன. வலப்பக்கத்து ஃபைபர் அப்படியே இருந்தது, தொப்பிப் பக்கம் மட்டும் வெறும் வாயாகத் திறந்திருந்தது. கரடி தினமும் அங்கமுத்துவுக்கு அகத்திக்கீரை கொண்டுவந்து போட்டது. வருடக்கணக்காக அதன் கையிலிருந்து ஒரு வாழைப்பழத் தோல்கூட வாங்கியிராத ஆடு, கீரையை மோந்துவிட்டுக் கரடியின் கையைப் பார்த்தது.

"என்னண்ணே, கையில நூலு?"

"சும்மாதான். முதுகைக் கொஞ்சம் திருப்பு தம்பி."

"அளக்கிறீங்களா?"

"சேச்சே. சட்டை தைக்கலாம்னு."

"எந்த ஆடுண்ணே சட்டை போடுது?"

கரடி நூலைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தது. "தப்பா நினைக்காதேடா அங்கமுத்து, என் அங்கு. நீ எனக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி. மொத்தத் தோலும் கேக்கலையே. தொப்பி அளவுக்குத்தான். உங்க குடும்பத்துல ரெண்டாவது ஆளா மேடை ஏறுவே. திதிக்குத் திதி அடிக்கவே மாட்டேன்."

"ராஜா அலமாரியில வச்சா எப்பவுமே அடிக்க மாட்டாங்கல்ல?"

"அதைத்தான் சொல்றேன்! வலியே இருக்காது."

கொண்டையம்மா கிளையிலிருந்து, "அவன் சொல்றது சரிதான். உரிச்ச பிறகு வலிக்காது" என்றாள்.

ஆடு கீரையை மென்றபடி யோசித்தது. ஓடலாம். ஓடினால் காட்டில் எங்கே போனாலும் நரியின் மூக்கு வரும். அழலாம். அழுதால் கரடியும் சேர்ந்து அழும், அழுதுகொண்டே அளக்கும். கடைசியில், "சரிண்ணே" என்றது. "ஆனா திருட்டுத்தனமா வேணாம். ராஜா முன்னாடி, நிபுணரையும் வச்சுக்கிட்டு, சபையில முறையா நடக்கட்டும். எங்க தாத்தா மேடை ஏறினவரு. நான் கொல்லைப்புறத்துல போக மாட்டேன்."

கருக்குவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெருந்தன்மைடா உனக்கு" என்றது.

குறித்த நாளில் சபை கூடியது. டோக்கன் கொடுத்து வரிசையில் விட்டார்கள். ராஜா புதுக் கண்ணாடி அலமாரியைத் துடைக்கச் சொல்லித் தயாராக வைத்திருந்தார். நரி கத்தியைப் பட்டுத்துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தது.

"ராஜா, ஒரு சந்தேகம்" என்றது அங்கமுத்து. "என் தோலைப் பத்தி எனக்குக் கவலை இல்லை. ஆனா நான் போய்ச் சேர்ந்த பிறகு, இது ஒரிஜினல் இல்லைன்னு எவனாவது சொல்லிட்டா உங்க அலமாரிக்குல்ல அவமானம்? விளிம்பை இன்னொரு தடவை பார்த்துரலாம். மயிர் பொய் சொல்லாதுன்னு ஐயாவே சொன்னாரு."

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "ஐயா பார்க்க வேணாம், அவருக்கு எதுக்குச் சிரமம். துளை வேலை தெரிஞ்ச ஆள் பார்க்கட்டும்" என்றார்.

கொண்டையம்மா தவிலின் திறந்த வாயில் வந்து உட்கார்ந்தாள். அலகால் விளிம்பைச் சுற்றிக் கிளறினாள். ஓர் இடத்தில் நின்றாள். இழுத்தாள். மரத்தை ஒட்டி அடியிலிருந்து ஒரு கொத்தே வந்தது. செம்பட்டையாக, நுனியில் கொஞ்சம் கறுப்பாக.

சபை எட்டிப் பார்த்தது. அந்த நிறத்தில் காட்டில் ஒரே ஒரு ஜாதிதான்.

ராஜா மெதுவாகத் திரும்பி நரியைப் பார்த்தார். கருக்குவேலும் பார்த்தது. அதன் கை தானாகவே இடுப்பில் இருந்த நூலைத் தேடியது.

"ஓ!" என்றார் ராஜா. "ஆட்டுத் தோலுக்கும் முன்னாடி நரித் தோல் போட்டிருக்காங்க. அப்ப அதுதானே முதல்ல போட்டது?"

"அது... அன்னைக்கு நான் தலையை உள்ளே விட்டப்ப..."

"நீங்கதானே சொன்னீங்க, மனுசன் பொய் சொல்லுவான், மயிர் சொல்லாதுன்னு" என்றது அங்கமுத்து, தலையைக் குனிந்து, ரொம்ப மரியாதையாக.

நரிக்கு வியர்த்தது. சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டது. அப்புறம் அதன் முகத்தில் ஒரு புது ஞானம் பிறந்தது.

"ராஜா! நாம எல்லாரும் பழமையைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம். இசைக்கருவின்னா என்ன? வாழ்ற பொருள்! காலத்துக்குக் காலம் மாறினாத்தான் அதுக்கு மதிப்பு. தோல் மாத்தாத தவில் உலகத்துல உண்டா? ஒரிஜினல்னு நிறைய பேர் வச்சிருக்கான். ஆனா கொண்டையம்மா அலகால துளை போட்டு, போல்ட்டு மாட்டின தவில் இந்த ஒண்ணுதான். அதை அடைச்சு வச்சிருக்கானே, பாவி! அதுதான் குற்றம். உடனே துளையைத் தொறங்க. ஃபைபரை ஏத்துங்க. தோலே ஆகாது. எந்தத் தோலும் ஆகாது!"

"முடிவா ஒண்ணு சொல்லுங்க" என்றாள் கொண்டையம்மா. "எனக்கு மூக்கு தேயுது."

அடைத்த துளையை எல்லாம் சபையிலேயே மறுபடி திறந்தாள். போல்ட்டு ஏறியது. ஸ்பேனரை நரியே முன்வந்து பிடித்துக்கொடுத்தது. பாராட்டுச் சான்றிதழ் ஒன்றும் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டது.

"வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாசிச்சுக் காட்டு" என்றார் ராஜா.

கருக்குவேல் தேன்பாறையை மனதில் நினைத்துக்கொண்டு ஓங்கி அடித்தது. அலமாரிக் கண்ணாடி விரிசல் விட்டுப் போயிற்று. ராஜா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பொத்தியபடியே இருந்தார்.

"இதை எல்லாம் ஏன் கண்ணாடிக்குள்ள வச்சுப் பூட்டுறாங்கன்னு இப்பத்தான் புரியுது. தூக்கிட்டுப் போ."

தேன்பாறை போயிற்று. தவில் வீட்டுக்கு வந்தது. வழியில் கொண்டையம்மா ஆட்டின் கொம்பில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏண்டா, உள்ளே அவன் மயிர் இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு அவரு தலை மாட்டி, காலைப் பிடிச்சு இழுத்தோம்ல அக்கா. வெளியே வந்த பிறகு அவரு காதுல கொஞ்சம் வழுக்கையா இருந்துச்சு."

இப்போதும் கல்யாணங்களுக்கு அந்தத் தவில்தான். மழையிலும் பேசுகிறது. அங்கமுத்துவும் தாளம் தட்டுகிறது. முன்போலப் பக்கத்தில் உட்காருவதில்லை, கரடிக்கு நேர் எதிரே உட்காருகிறது. முதுகில் எப்போதும் ஒரு துண்டு. தனியாவர்த்தனத்தில் கரடி சொக்கிப்போய், "அங்கு, நாம கூடப்பொறந்தவங்க மாதிரிடா" என்று கண் கலங்கும்.

"ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு ஆடு துண்டை இழுத்துவிட்டுக்கொள்ளும்.

நீதி: பழைய பொருளைப் பழையபடி ஆக்கச் சொல்லும் நிபுணரிடம் வாதாட வேண்டாம், தலையை ஒருமுறை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னால் போதும்.