நீல வண்டிக்குக் கெட்டி எண்ணெய்

என் கணவர் குவாங் வாழ்க்கையில் மூன்றே மூன்று சபதம் செய்திருக்கிறார். சிகரெட்டை விடுவது ஒன்று. தம்பியோடு பேசுவதில்லை என்பது ஒன்று. இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டார்: தம்பி வீட்டுக்குப் போய் ஒரு சிகரெட் கேட்டார். மூன்றாவது சபதம் இந்த மார்ச் மாதம், காலைக் கஞ்சிக் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து செய்தது.

"டிம், கேட்டுக்கோ. புது வண்டிக்கு என்ன எண்ணெய்னு நான்தான் முடிவு பண்ணுவேன். கம்பெனிக்காரன் இல்ல. அந்தப் புத்தகம் இல்ல. நீயும் இல்ல."

"நான் ஒண்ணுமே சொல்லலையே, ஹியா."

முப்பது வருஷமாக அவரை 'ஹியா' என்றுதான் கூப்பிடுகிறேன். சீனக் குடும்பங்களில் அண்ணனுக்குச் சொல்வது; புருஷனுக்கும் சொல்வோம். மரியாதைக்கு அது ஒன்று போதும் என்று மற்றதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"சொல்லப்போற மூஞ்சி தெரியுது," என்றார்.

"சரி. என்ன எண்ணெய்?"

"கெட்டி எண்ணெய். பதினைந்து நாற்பது." டப்பாவில் எண்ணெயின் கெட்டியைக் குறிக்கப் போட்டிருக்கும் எண்கள் அவை.

"புத்தகத்துல ஐந்து முப்பதுன்னு இருக்கு."

"நாற்பது முப்பதைவிடப் பெரிசு. பள்ளிக்கூடத்துல கணக்குல நீதானே முதல் மார்க்?"

"காய்ச்சல் நாற்பது டிகிரிக்கு ஏறினாலும் சந்தோஷப்படுவீங்களா?"

கஞ்சியைக் குடித்தார். கணக்கு உதைத்தால் அவருக்குப் பசி அதிகமாகும்.

அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. போன வருஷம் ஏப்ரலில் எங்கள் பழைய வண்டி, முதுகு நிறைய எங்கள் தோட்டத்துத் துரியான் பழத்தோடு, யானைக்கழுத்து ஏற்றத்தின் இரண்டாவது வளைவில் நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. இருபத்து மூன்று வயது. அது போனதில் தப்பில்லை, போன இடம்தான் தப்பு. வேறு வண்டி கிடைத்துப் பழத்தை மாற்றி ஏற்றுவதற்குள் மூன்று நாள் ஆயிற்று. வெட்டிய துரியானுக்கு மூன்று நாள் என்பது முழு ஆயுள். ஏற்றுமதிக்காரர் ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்தார், சத்தத்தைக் கேட்டார், எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்த வருஷம் முழுவதும் எங்கள் வீட்டில் துரியான் பாயசம், துரியான் அல்வா, துரியான் வற்றல். பூனைகூட நாற்றம் தாங்காமல் வீட்டைவிட்டுப் போய்விட்டது.

ஆகவே இந்தப் புது வண்டி வழியில் நிற்கக் கூடாது. அவருக்கும் அதே கவலை, எனக்கும் அதே கவலை. அவர் எண்ணெயைப் பற்றிப் பயந்தார். நான் அவரைப் பற்றிப் பயந்தேன்.

சபதத்துக்கு முன்பே, முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கம்பெனிப் பட்டறையில் எண்ணெய் மாற்றினார்கள். பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு வந்து, "ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி இருக்கு, டிம். இதைக் குடிச்சிட்டு எவன் மூட்டை தூக்குவான்?" என்றார். கெட்டியாக இருந்தால் பலம் என்பது அவருடைய மதம். கெட்டிக் காப்பி, கெட்டிக் குழம்பு, கெட்டிக் கழுத்துள்ள நண்பர்கள்.

நானோ கன்னியாஸ்திரீகளிடம் பன்னிரண்டு வருஷம் படித்தவள். கேள்வித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்காமல் பேனாவைத் தொட்டால் சிஸ்டர் அகதா விரல் கணுவிலேயே போடுவார். வண்டியோடு வந்த புத்தகம் முந்நூற்று எண்பது பக்கம். படித்தேன். புது என்ஜின்களுக்குள் இடைவெளி மயிரிழைதான். மெல்லிய எண்ணெய்தான் ஓடிப்போய் எல்லா மூலையிலும் சேரும். புகைக்குழாயில் கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. கண்ட எண்ணெயை ஊற்றினால் அது அடைத்துக்கொள்ளும். தவறான எண்ணெய் என்று தெரிந்தால் ஐந்து வருஷ உத்தரவாதம் அன்றோடு போச்சு. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "புத்தகம் எழுதினவன் துரியான் ஏத்தியிருக்கானா?" என்றார்.

பத்தாயிரம் கிலோமீட்டர் நெருங்கியது. அறுவடையும் நெருங்கியது. இந்தத் தடவை கம்பெனிக்குப் போகாமல் மெக்கானிக் யோட்டின் கொட்டகையில் மாற்றுவது என்று நாள் குறித்தார். யோட் எங்களைவிட மூத்தவர். ஊரே அவரை 'லுங்' என்று பெரியப்பா முறை வைத்துக் கூப்பிடும். நான் முந்தின நாளே போய் நின்றேன்.

"லுங், நீங்களா கெட்டி எண்ணெய் ஊத்தச் சொன்னீங்க?"

"நானா? அந்த வண்டிக்கா? பாவம்மா அது!"

"அப்ப அவர்கிட்ட சொல்லுங்க."

"டிம், முப்பது வருஷமா உன் புருஷன் என்கூட காப்பி குடிக்கிறாரு. ஒரு தடவைகூட நான் அவரைத் தப்புன்னு சொன்னதில்ல. அதனாலதான் முப்பது வருஷம்."

"நான் தினமும் சொல்றேன். எனக்கும் முப்பது வருஷம்தான்."

"நீ சமைக்கிற," என்றார் யோட்.

சரியான எண்ணெய் அவரிடமே இருந்தது. ஒரு டப்பா எடுத்து வைக்கச் சொன்னேன். வெளியே வந்தபோது எங்கள் வண்டியின் பின்பக்கம் கண்ணில் பட்டது. அங்கே பெரிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது: 'இந்த வண்டி பச்சை.'

வண்டி நீலம். கடைசியாக மிஞ்சியிருந்தது நீலம்தான், சீக்கிரம் வேண்டும் என்று அதையே எடுத்துவிட்டார். என் கணவர் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவர்; ஞாயிறுக்கு நீலம் ஆகாது, பச்சை யோகம். எங்கள் ஊரில் இப்படிப் பிசகியவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். ஸ்டிக்கர் ஒட்டினார். கிரகங்கள் படித்துவிட்டுப் போய்விடும். நான் வேதக்காரி, இதில் தலையிடுவதில்லை. அன்று தலையிடலாம் என்று தோன்றியது.

சந்தையில் அந்த ஸ்டிக்கர் வெட்டிய கடைக்கே போனேன்.

"என்ன நிறம் ஆகலைக்கா?" என்றாள் கடைக்காரப் பெண்.

"நிறம் இல்ல. 'இந்த எண்ணெய் கெட்டி'ன்னு வெட்டிக் குடு."

"எண்ணெய்க்குமா கிரகம்?"

"எண்ணெய்க்கு இல்லம்மா. ஊத்தறவருக்கு."

மறுநாள் கொட்டகையில் அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, கல்யாணத்துக்கு நிற்பவர்போல நின்றார். யோட் டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, அவசரமாக ஒரு டயரைப் பார்க்கப் போனார். பழுது ஒன்றும் இல்லாத டயர்.

என் கணவர் டப்பாவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தார். டப்பாவைத் திருப்பினார். ஐந்து முப்பது.

"டிம்! என்ன கூத்து இது?"

"கெட்டி எண்ணெய், ஹியா. எழுதியிருக்கே."

"எழுதினா ஆயிடுமா? உள்ள இருக்கறது மெல்லிசுதானே?"

"அப்படியா? வண்டிக்கு வெளியே என்ன நிறம்?"

"அது வேற!"

"எப்படி வேற?"

"அது கிரகத்துக்கு."

"ராகு, சனி, செவ்வாய் எல்லாரும் ஸ்டிக்கரைப் படிச்சிட்டு நம்புவாங்க. ஒரு என்ஜின் நம்பாதா? அது என்ன அவங்களைவிடப் புத்திசாலியா?"

டப்பா ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

"ஸ்டிக்கர் பொய்யின்னா சொல்லுங்க," என்றேன். "ரெண்டையும் கிழிச்சிடலாம். அப்புறம் இத்தனை நாளா நீல வண்டியிலதான் போயிருக்கீங்க. அறுவடைக்கும் நீலத்துலதான் போகணும். யானைக்கழுத்துக்கும்."

டயருக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது. யோட்டுக்கு இருமல் வியாதி கிடையாது.

என் கணவர் வண்டியின் பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்தார். டப்பாவை ஒரு தடவை பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் நின்ற என்னையும் பார்த்தார். மூன்றில் நான்தான் மோசமான கிரகம் என்று முடிவு செய்திருப்பார்.

"ஊத்துங்க, லுங்," என்றார்.

"நீங்களே ஊத்துங்க, ஹியா," என்றேன்.

ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. எங்கள் மகளுக்குக் குழந்தையில் காய்ச்சல் வந்தபோது மருந்து ஊட்டுவாரே, அதே குனிவு, அதே மூச்சடக்கம். பழைய வண்டியில் எல்லாம் அவர் கைக்குத் தெரியும். சத்தத்தை வைத்தே நோயைச் சொல்வார். இது அப்படியில்லை. பெல்ட் போடாவிட்டால் கத்துகிறது, கதவு சாத்தாவிட்டால் கத்துகிறது. அது அவருக்குச் சொல்கிறது, அவர் சொல்வதை அது கேட்பதில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி அப்படி இருக்கிறாள். இந்த வண்டியில் அவர் தேர்ந்தெடுக்க மிச்சமிருந்தது எண்ணெய் ஒன்றுதான். அதையும் நான் எடுத்துக்கொண்டேன். எடுத்தது சரி. ஆனால் வீட்டுக்கு வரும்போது என் வெற்றி கொஞ்சம் மெல்லிசாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி குழம்பைக் கெட்டியாக வைத்தேன்.

ஏப்ரலில் முதல் வெட்டு. வண்டி நிறையப் பழம், வெயில் தகரத்தை உருக்குகிறது. யானைக்கழுத்தின் அடிவாரம் வந்ததும் ஓரமாக நிறுத்தினார்.

"என்ன ஹியா?"

"சும்மா. காத்தாட."

காற்றாட நிற்பவர் பானெட்டைத் திறப்பானேன்? பிறகு என் பக்கம் பார்க்காமல் பின்சீட்டுக் கதவைத் திறந்து, மழைக்கோட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தார். பதினைந்து நாற்பது, ஒரு லிட்டர். என்ஜினுக்கு ஏற்றத்தில் ஒரு வாய் ஊட்டிவிடலாம் என்று ஒளித்து வைத்திருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களை எண்ணினேன்.

கையில் டப்பா கனக்கவில்லை. குலுக்கினார். சத்தம் இல்லை. மூடியைத் திறந்து கவிழ்த்தார். காற்று வந்தது.

டப்பாவை மறுபடி மழைக்கோட்டுக்குள் படுக்கவைத்துப் போர்த்தினார். பானெட்டை மூடினார். ஏறி உட்கார்ந்தார். பெல்ட் போட மறந்தார். வண்டி கத்தியது. போட்டார்.

ஏறினோம். முதல் வளைவு. இரண்டாவது வளைவில் அவர் உதடு அசைந்தது. குவான்யின் அம்மனைக் கூப்பிட்டிருப்பார். என் உதடும் அசைந்தது, அருள் நிறைந்த மரியே என்று. யார் காதில் விழுந்ததோ, வண்டி நிற்கவில்லை. உச்சிக்கு வந்து ஓரங்கட்டியபோது என்ஜின் மூச்சுக்கூட வாங்கவில்லை. என் கணவர்தான் வாங்கினார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுல இருந்த எண்ணெய் எங்க, டிம்?"

"தோட்டத்துப் பம்புக்குப் போன வாரமே ஊத்திட்டேன், ஹியா. அதுக்குத்தான் கெட்டி வேணும்னு அதோட புத்தகத்துல இருக்கு."

"பம்புக்கும் புத்தகம் இருக்கா?" என்றார்.