கிளிப்பச்சைக்கு எதிரான போராட்டம்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அந்த மனிதருக்கு ஒரு பேரவை இல்லாமற்போனதே காரணம். சின்னம், செயற்குழு, ஆண்டறிக்கை எல்லாம் இருந்திருந்தால் சக்கரம் வந்திருக்காது என்பது வேறு விஷயம். அவர் பெயராவது நிலைத்திருக்கும்.

அப்படியொரு குறை தம் ஊருக்கு வரக் கூடாது என்றுதான் பல் டாக்டர் 'மாநகர மிதிவண்டியோர் பேரவை'யைத் தொடங்கித் தாமே தலைவராகவும் ஆனார். அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. "ஓட்டத் தெரிஞ்சவன் ஏறி மிதிச்சிட்டுப் போயிடுவான். தெரியாதவன்தான் உக்காந்து யோசிப்பான்" என்பார். யோசித்து யோசித்துப் பேரவையை உயரத்துக்குக் கொண்டுபோயிருந்தார். சரியாகச் சொன்னால், மூன்றாம் மாடிக்கு. கூட்ட நாளில் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உறுப்பினர்களின் கார்கள் வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொன்றின் பின்கண்ணாடியிலும் 'நான் மிதிப்பவன்' என்ற வாசகம். பிரேக்கையா, ஆக்சிலேட்டரையா என்று அதில் சொல்லவில்லை.

டாக்டரின் மனைவி கணக்கு டீச்சர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு, பாலத்தின் வழியாக, தினமும் சைக்கிளில்தான் போய்வருவார். பேரவையில் சேர விண்ணப்பித்திருந்தார். செயலாளரான இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் அதை 'பரிசீலனை'யில் வைத்திருந்தார். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் உணர்ச்சிவசப்படுவார்களாம்; விவாதத்தின் தரம் கெட்டுவிடுமாம்.

பாலத்தின் ஓரம் சைக்கிளுக்கென்று தனிப் பாதை வேண்டும். இதுதான் பேரவையின் உயிர்மூச்சான கோரிக்கை. அதற்காகக் கருத்தரங்கம் நடத்தினார்கள். கையெழுத்து வாங்கினார்கள். சைக்கிளுக்காக நடைப்பயணம் போனார்கள்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் அந்த விபரீதம் நடந்தது. மாநகராட்சிப் பொறியாளர் கூட்டத்துக்கு வந்து, "சார், நீங்க கேட்ட பாதைக்கு உத்தரவு வந்தாச்சு. திங்கக்கிழமை கோடு போட்டுடுவோம்" என்றார்.

யாரும் கைதட்டவில்லை. துக்க வீட்டில் இருப்பவர்கள் போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் மனதுக்குள் கணக்குப் போட்டார். பாதை வந்துவிட்டால் பாதை கேட்க முடியாது. கேட்க முடியாவிட்டால் தலைவர் எதற்கு?

செயலாளர்தான் முதலில் சுதாரித்தார். "கோடு என்ன நிறம்?"

"பச்சை."

"எந்தப் பச்சை?"

"பச்சைன்னா பச்சைதான் சார். கிளிப்பச்சை."

"கிளிப்பச்சையா" என்று டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிடிகிடைத்த நிம்மதி அவர் குரலில் தெரிந்தது. "எங்க சின்னம் பாசிப்பச்சை. எங்களைக் கேக்காம எப்படி முடிவு பண்ணீங்க?"

"பாசிப்பச்சையே போட்டுடறேன் சார்."

இவ்வளவு நல்லவரை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. "மக்கள் கிட்ட கருத்து கேட்டீங்களா?" என்றார் செயலாளர்.

"நீங்கதானே மக்கள்னு மனுவில எழுதியிருந்தீங்க."

"அது மனுவுக்கு. மழை பெஞ்சா பாதை நனையுமா?"

"நனையும் சார். பாலமே நனையும்."

"அப்போ மேல கூரை வேணும்" என்றார் டாக்டர். "எங்க ஆளுங்க நனைய முடியாது."

பொறியாளர் தலையைச் சொறிந்தார். "பாலத்துக்குக் கூரை போட வழியில்லை சார்."

வழியில்லை என்ற அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. 'அரைகுறைப் பாதையைவிடப் பாதையே இல்லாமலிருப்பது மேல்' என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மாநகராட்சி அதை மதித்து உத்தரவைத் திரும்பப் பெற்றது.

தீர்மானம் நிறைவேறிய அன்றிரவு வீட்டில் மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். "என்னங்க, திங்கக்கிழமை பாதை போடறாங்களாமே. ஸ்கூல்ல எல்லாரும் உங்களைப் பத்திதான் பேச்சு."

டாக்டர் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி சொன்னார். "நிறுத்தி வெச்சிருக்கோம். கொள்கைப் பிரச்சினை."

"என்ன கொள்கை?"

"கூரை இல்லை."

மனைவி பேனாவை மூடினார். "பஸ் என் தோளை உரசிட்டுப் போகுதுங்க. நான் கூரையா கேட்டேன்?"

"உனக்குப் புரியாது. இது நீண்டகாலப் பார்வை" என்றார் டாக்டர். ஆனால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரமே பாலத்தில் ஒரு காரின் பக்கக் கண்ணாடி தட்டி டீச்சர் விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவர் எந்தப் பேரவைக்கும் தலைவர் இல்லை.

செயலாளர் மலர்க்கொத்தோடு வந்தார். "தலைவரே, மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பாருங்க, நம்ம கோரிக்கைக்கு இப்பதான் உயிர் வந்திருக்கு" என்றவர், டீச்சர் பக்கம் திரும்பி, "கட்டு நல்லாத் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கலாமா டீச்சர்?" என்றார். விண்ணப்பம் ஏற்கப்பட்ட செய்தியையும் அப்போதே தெரிவித்தார். இனி டீச்சரால் சைக்கிள் ஓட்ட முடியாதே.

புகழ் தானாக வந்தது. அந்த ஆண்டின் 'ஆற்றல்மிகு அமைப்பு' விருது பேரவைக்கு. வழங்கியது கார் விற்பனையாளர் சங்கம். அதன் தலைவர் மேடையில் நெகிழ்ந்து பேசினார்: "பாலத்துல பாதியை சைக்கிளுக்குக் கொடுத்துடுவாங்களோன்னு பயந்துக்கிட்டிருந்தோம். வக்கீல் வெச்சுப் பார்த்தோம், நடக்கல. பெரிய இடத்துல சொல்லிப் பார்த்தோம், நடக்கல. இவங்க ஒரே கூட்டத்துல நிறுத்திக் காட்டினாங்க. செயல்னா இது செயல்."

பிறகு, கழுத்தில் கட்டிய துணித் தூளியில் கையை வைத்திருந்த டீச்சரை மேடைக்கு அழைத்து, பேரவையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் ஒற்றைக் கையால் ஒலிவாங்கியைத் தாழ்த்திக்கொண்டார்.

"நல்லாப் பேச வராதுங்க எனக்கு. என்னை இடிச்ச டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, தப்பு என்னுதுதாம்மான்னு சொன்னாரு. பேரவையிலேர்ந்து அப்படிச் சொல்ல இன்னும் யாரும் வரலை."

அரங்கம் கைதட்டியது. டாக்டரும் பழக்கதோஷத்தில் தட்டத் தொடங்கினார். பிறகு பக்கத்தில் இருந்தவர்கள் தம்மையே பார்ப்பதைக் கண்டு, இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விழித்தார்.